ஹெல்மெட் தந்த டாக்டர் ஸர் ஹ்யூ கெய்ர்ன்ஸ்

நம் பத்திரிகையில் மகான்களைப் பற்றியும் சங்கீத வித்வான்களைப் பற்றியும் பலர் சிறப்பாக எழுதி வருகிறார்கள். நான் இந்த இதழில் எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து 1952ல் காலமான ஒரு மூளை அறுவை சிகிச்சை நிபுணரைப் பற்றி. அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ நின்றால் சம்பந்தம் இருக்கிறது.

நான் டாக்டர் அல்ல. 1971ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் இயற்பியல் இளங்கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் புள்ளிவிவரப் பிரிவில் டில்லி, நாக்பூர் ஆகிய ஊர்களில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது புனேயில் வசிக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஏன் அக்கறை வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984ம் வருடம். நான் நாக்பூரில் இருந்தேன். என் அக்காவும் அத்திம்பேரும் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய வண்டி. ஹெல்மெட்டும் ஒன்று வாங்கினார். நாக்பூர் வெயிலில் அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை என்று கூடத்து ஆணியில் மாட்டிவிட்டார். ஒரு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது, வீட்டு முனையிலேயே ஜல்லியில் சறுக்கி விழுந்தார். வேகம் ஒன்றும் இல்லை. தானே எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காதுக்கு மேலே கொஞ்சம் வீங்கியிருந்தது. காபி சாப்பிட்டார். என்னோடு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குமேல் தலைவலி என்றார், ஒரு தடவை வாந்தி எடுத்தார். அக்கா டாக்டரிடம் போகலாமா என்று என்னைக் கேட்டாள். வீட்டில் சயன்ஸ் படித்தவன் நான். களைப்புத்தான், தூங்கினால் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

இரவு இரண்டு மணிக்கு அவரிடமிருந்து குறட்டை மாதிரி விநோதமான ஒரு சத்தம் வந்திருக்கிறது. அக்கா எழுப்பினாள், எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது விடிந்துகொண்டிருந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவில் ஒரு ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறது, நாலைந்து மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் திறந்து எடுத்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். அவருக்கு வயது 42. என் மருமானுக்கு அப்போது ஒன்பது வயது.

அக்கா இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அந்த ராத்திரி நான் சொன்ன வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, தலைக்காயம் என்றால் என்ன, அதற்கு வைத்தியம் எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில்தான் ஹ்யூ கெய்ர்ன்ஸ் எனக்கு அறிமுகமானார்.

ஹ்யூ வில்லியம் பெல் கெய்ர்ன்ஸ் 1896 ஜூன் 26ம் தேதி தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரீ என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தகப்பனார் ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்த தச்சுத் தொழிலாளி. பெரிய வசதி கிடையாது. பையன் கெட்டிக்காரன், உபகாரச் சம்பளத்திலேயே மேலே வந்தான். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலக யுத்தம் வந்தது. படிப்பு முடியுமுன்பே 1915ல் ராணுவ மருத்துவப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, கிரேக்க நாட்டு லெம்னாஸ் தீவில் இருந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். உடம்புக்கு வந்து ஊர் திரும்பி, 1917ல் பட்டம் பெற்று, இந்தத் தடவை டாக்டராக மறுபடியும் யுத்தத்துக்குப் போனார்.

அதே வருடம் அவருக்கு ரோட்ஸ் உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. யுத்தம் முடிந்ததும் 1919ல் ஆக்ஸ்போர்டில் பேலியால் கல்லூரியில் சேர்ந்தார். நல்ல உயரமும் தேகக்கட்டும் உள்ளவர். 1920ல் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடக்கும் பிரசித்தி பெற்ற படகுப் போட்டியில் ஆக்ஸ்போர்டு அணியில் துடுப்புப் போட்டார். மறு வருடம் அந்தக் கல்லூரித் தலைவரின் பெண் பார்பராவையே விவாகம் செய்துகொண்டு, லண்டன் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றார்.

மூளை அறுவை சிகிச்சை என்று தனியாக ஒரு துறை அப்போது இங்கிலாந்தில் சரியாக உருவாகவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஹார்வி குஷிங் இருந்தார். இந்தத் துறையின் பீஷ்மர் என்று அவரைச் சொல்லலாம். மூளையில் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவதுதான் பெரிய பாடு. விரலால் கட்ட முடியாத நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பிடித்து நிறுத்த 1911ல் குஷிங் சின்ன வெள்ளிக் கிளிப்புகளைக் கொண்டுவந்தார். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில், மூளைக்குள் ஊடுருவிய காயங்களில் இறப்பவர்கள் விகிதத்தைச் சில மாதங்களிலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். காயத்தை முழுவதும் சுத்தம் செய்வது, எலும்புத் துணுக்குகளையும் சிதைந்த திசுவையும் மெதுவாக உறிஞ்சி எடுப்பது, தோலைச் சரியாக மூடுவது, இவைதான் அவர் முறை.

1926ல் ராக்ஃபெல்லர் நிதி உதவியோடு கெய்ர்ன்ஸ் பாஸ்டனுக்குப் போய் ஒரு வருடம் குஷிங்கிடம் உதவியாளராக இருந்தார். அங்கே வேலை கடுமை, குருநாதரின் கோபம் அதைவிடக் கடுமை என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வருடம் ஒரு திருப்புமுனை. மின்சாரத்தைக் கொண்டு திசுவை வெட்டவும் ரத்தத்தை உறையவைக்கவும் போவி என்ற விஞ்ஞானி செய்த கருவியை 1926 அக்டோபரில்தான் குஷிங் முதன்முதலாக மூளை அறுவையில் பயன்படுத்தினார். அதுவரை தொட முடியாது என்று கைவிட்ட கட்டிகளை எடுக்க முடிந்தது. கெய்ர்ன்ஸ் இதையெல்லாம் கூட இருந்து கற்றுக்கொண்டு 1927ல் லண்டன் திரும்பினார். பொது அறுவை சிகிச்சை செய்தால் நல்ல வரும்படி வரும். அதை விட்டுவிட்டு மூளையும் நரம்பு மண்டலமும் மட்டுமே என்று முடிவு செய்தார். மணிக்கணக்காக ஒரே ஆபரேஷனில் நிற்கும் இவரை ஆரம்பத்தில் சக டாக்டர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்களாம். போகப்போக நோயாளிகள் பிழைப்பதைப் பார்த்து அவர்களே அனுப்பிவைக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 1962ல் வந்தது. நம் ஐ. எஸ். ஜோஹர்கூட அதில் ஒரு வேஷத்தில் வருவார். படம் ஆரம்பிப்பதே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில்தான். அது கதை அல்ல, நடந்தது. முதல் உலக யுத்தத்தில் அரேபியப் பாலைவனத்தில் பெயர் வாங்கிய டி. இ. லாரன்ஸ், 1935 மே 13ம் தேதி இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தன் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் போன இரண்டு பையன்கள்மேல் மோதாமல் இருக்க ஒதுங்கி, தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இருந்து 19ம் தேதி காலமானார். வயது 46.

அவரைப் பார்க்க லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர்களில் ஒருவர் கெய்ர்ன்ஸ். அப்போது அவருக்கு 38 வயது. அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எத்தனை பாலைவனமும் எத்தனை துப்பாக்கியும் கொல்லாத ஒரு மனிதரை ஒரு கிராமத்துச் சாலை கொன்றுவிட்டதே என்ற எண்ணம் அவர் மனதில் தங்கிவிட்டது என்று பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அடிபட்ட பிறகு சரிசெய்வதற்கு ஒரு எல்லை உண்டு, அடிபடாமல் தடுப்பதே வைத்தியம் என்ற யோசனை அவருக்கு அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ஆக்ஸ்போர்டு. மோட்டார் கார் தயாரிப்பில் கோடீஸ்வரரான வில்லியம் மாரிஸ், அதாவது லார்ட் நஃபீல்ட், 1936ல் ஆக்ஸ்போர்டு மருத்துவக் கல்விக்காக இருபது லட்சம் பவுன் கொடுத்தார். நம் அம்பாஸடர் கார் அவர் கம்பெனி வழியில் வந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசுதான். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் கெய்ர்ன்ஸ். 1937ல் அவரே அங்கே முதல் நஃபீல்ட் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். வண்டி விற்ற பணம் மண்டை உடைந்தவர்களைக் காப்பாற்றப் போனது ஒரு விதத்தில் பொருத்தம்தான்.

1939ல் இரண்டாம் உலக யுத்தம். யுத்தத்தில் தலைக்காயம் நிறைய வரும், அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து ஒரே முறையில் கவனித்தால்தான் உயிரும் பிழைக்கும், அறிவும் வளரும் என்று கெய்ர்ன்ஸ் ராணுவத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். பெண்கள் படித்த செயிண்ட் ஹ்யூ கல்லூரிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் புல்வெளியில் வார்டுகள் கட்டி, தலைக்காயத்துக்கென்றே ஒரு ராணுவ ஆஸ்பத்திரி நடந்தது. 1940 முதல் 1945 வரை சுமார் 13,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். அறுவை டாக்டர், நரம்பியல் டாக்டர், மனநல டாக்டர், பயிற்சி கொடுப்பவர்கள் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பேச்சு போனவனுக்குப் பேச்சுப் பயிற்சி, கை வராதவனுக்குக் கைவேலை. உயிர் பிழைத்ததோடு கணக்கு முடிந்தது என்று அவர் விடவில்லை.

யுத்த களத்துக்கு அருகே போக நடமாடும் மூளை அறுவைக் குழுக்களையும் அமைத்தார். ஒரு அறுவை டாக்டர், ஒரு நரம்பியல் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்ஸுகள், ஆர்டர்லிகள், சொந்த மின்சார ஜெனரேட்டர், உறிஞ்சும் கருவி, எல்லாம் லாரிகளில். முதல் குழு 1940ல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. அடுத்த குழுக்கள் வட ஆப்பிரிக்காப் பாலைவனத்தில் பேர் வாங்கின. அவர் கண்ட தத்துவம் எளிமையானது. தலையில் காயம் பட்டவன் ஆபரேஷனுக்கு முன்னால் பிரயாணத்தைத் தாங்குவான், பின்னால் தாங்கமாட்டான். ஆகையால் முன்வரிசையில் அரைகுறையாகத் திறப்பதைவிட, கொஞ்சம் தாமதமானாலும் தெரிந்தவர் கையில் ஒரே தடவை முழுமையாகச் செய்வதே மேல்.

அதே ஆக்ஸ்போர்டில் அப்போது பென்சிலின் பிறந்துகொண்டிருந்தது. அதை மருந்தாக்கிய ஹோவர்ட் ஃப்ளோரியும் அடிலெய்டில் படித்து ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தில் வந்தவர்தான். 1943ல் இரண்டு நண்பர்களுமாக வட ஆப்பிரிக்காவுக்குப் போய், யுத்தக் காயங்களில் பென்சிலினைப் பரீட்சித்தார்கள். காயத்தைத் திறந்தே வைத்துச் சீழ் வடிய விடுவது அந்நாள் வழக்கம். பென்சிலின் போட்டுச் சீக்கிரமே மூடிவிடலாம் என்று இவர்கள் காட்டியபோது ராணுவ டாக்டர்கள் முதலில் பதறினார்களாம். மூளைக்காயத்தில் சீழ் பிடித்துச் சாவது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது.

இனி ஹெல்மெட் விஷயம். இங்கேதான் என் பழைய இலாகாவின் வாசனை வருகிறது.

யுத்தத்தின் முதல் வருடங்களில் செயிண்ட் ஹ்யூ ஆஸ்பத்திரிக்கு வந்த பலர் குண்டடி பட்டவர்கள் அல்ல, மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள். ராணுவச் செய்திகளை எடுத்துக்கொண்டு இருட்டில் பறக்கும் தூதர்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் விளக்கை அணைத்து வைத்திருந்த காலம். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். யுத்தத்துக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 1884 பேர். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் 2279 பேர். பெட்ரோல் ரேஷன் இருந்தும் 21 சதவிகிதம் அதிகம். இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலையில்தான் அடி.

பந்தயக்காரர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட் அப்போது இருந்தது. சாலையில் போகிறவர்கள் யாரும் போடுவதில்லை. ஹெல்மெட்டோடு விழுந்தவர்களில் கெய்ர்ன்ஸுக்குக் கிடைத்தது ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள், காயமும் லேசு. 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் இதை எழுதினார். ஏழு என்பது மிகச் சின்ன மாதிரி. அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால், இன்னும் தகவல் தேவை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். நல்லவேளை, என் மேஜைக்கு வரவில்லை. 1941 நவம்பரிலேயே பணியில் வண்டி ஓட்டும் எல்லாரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று ராணுவம் உத்தரவு போட்டது.

அவர் அத்துடன் விடவில்லை. 1943ல் ஹெல்மெட்டோடு விழுந்த 106 பேரை ஆராய்ந்து அடுத்த கட்டுரை. 1946ல் மூன்றாவது கட்டுரை. அதில் மாதவாரியாக மரணக் கணக்கு வரைபடமாக இருக்கிறது. 1941 நவம்பருக்குப் பிறகு கோடு கீழே இறங்குகிறது. நடுவில் சொந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் நிறுத்தப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கும். ஆனால் ஹெல்மெட் போட்டவர்களின் மண்டைக் காயங்கள் எப்படி லேசாகிவிட்டன என்பதை ஒவ்வொரு கேஸாகக் காட்டியிருந்ததால் அதை யாரும் மறுக்க முடியவில்லை.

இதில் அவருக்குத் துணை நின்றவர் ஹோல்போர்ன் என்ற இயற்பியல்காரர். என் பாடம் என்பதால் இதைக் கொஞ்சம் விவரிக்கிறேன். மூளை நீர் போல அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் திருகலைத் தாங்காது என்று அவர் கண்டார். ஜெலட்டினில் மூளை மாதிரிகள் செய்து, திடீரென்று சுழற்றிப் பார்த்தார். நம் வீட்டில் உறைந்த தயிர்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியை வெடுக்கென்று திருப்பினால் சட்டி உடையாது, உள்ளே தயிர் கலைந்துவிடும். மண்டை ஓட்டில் கீறலே இல்லாமல் ஒருவர் நினைவிழப்பது இப்படித்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் ஸ்கூட்டரிலிருந்து சாய்ந்தால்கூடத் தலை தரையில் மோதுகிற வேகம் கிட்டத்தட்ட இதுதான். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று சொல்லிப் பயனில்லை. அந்த வேகம் தலைத்தோலின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரத்துக்குள் பூஜ்யமாக வேண்டுமானால், புவியீர்ப்பைப்போல் ஐந்நூறு அறுநூறு மடங்கு விசை மண்டையில் இறங்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மக்கோல் போன்ற ஓர் அங்குல மெத்தை நசுங்கிக்கொடுத்தால் அது அறுபது மடங்காகக் குறைகிறது. வெளி ஓடு அந்த விசையை ஓர் இடத்தில் விடாமல் பரப்புகிறது. கல்லூரியில் முதல் வருடம் படித்த சமன்பாடுதான். அத்திம்பேர் வீட்டு ஆணியில் தொங்கியதும் அந்தச் சமன்பாடுதான்.

கெய்ர்ன்ஸின் மற்றப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண் விழித்திருந்தும் அசைவும் பேச்சும் இல்லாத ஒரு நிலையை 1941ல் அவரும் சகாக்களும் முதலில் விவரித்தார்கள். 1945 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி பேட்டன் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து ஜெர்மனியில் கிடந்தபோது, பார்க்க அழைத்துப் போனது இவரைத்தான். 1946ல் ஸர் பட்டம். யுத்தத்துக்குப் பிறகு, காசநோய் மூளை உறையைத் தாக்கும் குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். புற்றுநோய் வந்து 1952 ஜூலை 18ம் தேதி ஆக்ஸ்போர்டில் காலமானார். 56 வயதுதான்.

அவர் பிறந்த நாட்டில் விக்டோரியா மாநிலம் 1961ல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்டைச் சட்டமாக்கியது. பிரிட்டனில் 1973ல்தான் சட்டம் வந்தது. முதல் கட்டுரைக்கும் அதற்கும் இடையில் 32 வருடங்கள். தான் காப்பாற்றிய பொதுமக்களை அவர் பார்க்கவே இல்லை.

நம் நாட்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ல் வேலூரிலும், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950ல் சென்னை பொது மருத்துவமனையிலும் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார்கள். ராமமூர்த்தி இங்கிலாந்தில் பயிற்சி பெற்றது நியூகாஸில் நகரில் ரோபாதம் என்பவரிடம். அவரும் தலைக்காயத்தைப் பற்றியே புத்தகம் எழுதியவர். 1971ல் ஸி.டி. ஸ்கேன் வந்தது, 1974ல் நினைவின் அளவை எண்ணாகச் சொல்லும் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது. கருவிகள் எத்தனை வந்தாலும், அடிபட்டவரை நேரத்தில் அழைத்துக்கொண்டு போவது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். தலைவலி அதிகமாவது, வாந்தி, அசாதாரணமான தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். என்னைப்போல் வயதானவர்கள், அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஸ்நான அறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில சமயம் ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் கழித்துத்தான் தெரியும்.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 129வது பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. ஆனாலும் மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் மட்டும் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பூ கசங்கும், கொண்டை கலையும் என்று நம் அகத்துப் பெண்மணிகள் சொல்கிறார்கள். என் மனைவியும் சொன்னாள். இப்போது பூவை டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் இறங்கிய பிறகு வைத்துக்கொள்கிறாள். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடையின் கீழ் பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது உங்களுக்கு முன்னால் பறந்துவிடும்.

என் மருமானும் இப்போது புனேயில்தான் இருக்கிறான். அக்கா அவனோடு இருக்கிறாள். வருஷா வருஷம் அத்திம்பேரின் சிராத்தத்துக்கு நான் போவேன். சில வருடங்களுக்கு முன் அப்படிப் போயிருந்தபோது சாஸ்திரிகள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்ன வயது, இரண்டு குழந்தைகள். ஒரு காலையில் நாலு இடம் போக வேண்டியவர். தலையில் ஒன்றும் இல்லை. கேட்டதற்குக் குடுமி இடைஞ்சல் என்றார். மருமான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தட்சிணை கொடுக்கும்போது வஸ்திரத்தோடு ஒரு ஹெல்மெட்டும் தட்டில் இருந்தது. குடுமியை இறக்கிக் கழுத்தோரம் முடிந்தால் சரியாக உட்காரும்படி, ஒரு அளவு பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல், கடையில் நாலைந்தைப் பார்த்து எடுத்திருக்கிறான். போகிறவருக்கு வழியில் வெயிலும் முள்ளும் படக்கூடாது என்று நம் பெரியவர்கள் குடையும் பாதரட்சையும் தானம் கொடுக்கச் சொன்னார்கள். இருக்கிறவருக்கும் வழி உண்டு அல்லவா மாமா என்று என்னிடம் சொன்னான். சாஸ்திரிகள் முதலில் சிரித்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

அவர் கிளம்பும்போது அக்கா மெதுவாக எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். கீழே அவர் குடுமியை இறக்கி முடிந்துகொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, பட்டையையும் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, சாப்பிட வாருங்கள் என்றாள்.